கலைஞர கடைசியா பாக்க அப்பாவ ராஜாஜி ஹாலுக்குக் கூட்டிட்டுப் போன அனுபவம்

வீட்ல வயசானவர் ஒருத்தர் "தலைவர கடைசியா ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்"னு சொன்னா முக்கால்வாசி வீட்ல வர்ற முதல் பதில் "டிவியிலயே நல்லா தெரியுதே, இங்கயே உக்காந்து பாருங்க"ன்றது தான். அக்கறையில தான் சொல்றோம். ஆனா 2018 ஆகஸ்ட்ல கலைஞர் இறந்தப்ப எங்கப்பாவ ராஜாஜி ஹாலுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்ததுக்கு அப்புறம் இந்த விஷயத்துல எனக்கு ஒரே கருத்து தான். போயே ஆகணும்னு நிஜமா துடிக்கறவங்கள தடுக்காதீங்க, கூட ஒருத்தர் போங்க, எப்ப கிளம்பறது எப்ப திரும்பறதுன்றத மட்டும் நீங்க உங்க கையில வெச்சுக்கோங்க. பாக்காம விட்டா அது வருஷக்கணக்கா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கும், பாத்துட்டு நேரத்தோட வீடு திரும்பிட்டா துக்கம் ஒரு வழியா இறங்க ஆரம்பிக்கும்.

அப்பா 1973ல பல்லவன்ல, அதான் அப்ப மெட்ராஸ் கவர்ன்மென்ட் பஸ் கழகம், கண்டக்டரா சேந்தவர், திமுக தொழிற்சங்கமான தொ.மு.ச. ஆளு, 2006ல ரிட்டயர்டு. கட்சியில எந்தப் பொறுப்பும் கிடையாது, ஒரு பைசா வாங்கினதும் கிடையாது. அவருக்கு கலைஞர்னா என்னன்னு கேட்டா பெருசா எதுவும் சொல்ல மாட்டார், போக்குவரத்துக் கழகத்துக்காரங்களுக்கு 1998ல பென்ஷன் வந்தத சொல்வார், அப்புறம் எங்க கடைசி அத்தை கதைய சொல்வார். 1989ல பொண்ணுங்களுக்கு பூர்வீக சொத்துல சம பங்குன்னு கலைஞர் சட்டம் கொண்டு வந்தார்ல, அதுக்கு அப்புறம் கல்யாணமான அத்தைக்கு திண்டிவனம் பக்கத்துல தாத்தா நிலத்துல பங்கு வந்துச்சு, அத வெச்சு தான் அவங்க பசங்க ரெண்டு பேரும் படிச்சாங்க. அண்ணா 1969 பிப்ரவரியில இறந்தப்ப அப்பாவுக்கு 21 வயசு, ஊர்லருந்து லாரியில ஏறி மெட்ராஸ் வந்து கூட்டத்துல நின்னு பாத்தவர். அந்தக் கூட்டம் உலக அளவுல பேசப்பட்ட கூட்டம், கின்னஸ் புக்ல எல்லாம் போட்டாங்க. அப்ப ரயில் கூரை மேல உக்காந்து வந்தவங்க கொள்ளிடம் பாலத்துல அடிபட்டு செத்தாங்கன்னு அப்பா அடிக்கடி சொல்வார், தலைவர பாக்க வந்து வீட்டுக்குத் திரும்பாதவங்கள பத்தி பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கிடும். அதனால கூட்டம்னா என்னன்னு தெரியாத ஆள் இல்ல அவரு, அது எனக்கு பெரிய உதவியா இருந்துச்சு.

ஜூலை 28 விடியறதுக்கு முன்னாடி கலைஞர ஆழ்வார்பேட்டை காவேரி ஹாஸ்பிடல்ல சேத்தாங்க. அதுல இருந்து ஆகஸ்ட் 7 வரைக்கும் எங்க வீட்ல யாரும் சரியா தூங்கல. 29ஆம் தேதி ராத்திரி உடம்பு திடீர்னு மோசமாயி, ஹாஸ்பிடல் வாசல்ல ஆயிரக்கணக்குல ஜனம் கூடி "எழுந்து வா தலைவா"ன்னு கத்திக்கிட்டு நின்னாங்கல்ல, அன்னிக்கு வாட்ஸ்அப்ல எத்தன விதமா செய்தி வந்துச்சு தெரியுமா, போய்ட்டாருன்னு ஒருத்தன், அறிவிக்காம வெச்சிருக்காங்கன்னு ஒருத்தன், பழைய போட்டோவ போட்டு இது இன்னிக்கு எடுத்ததுன்னு ஒருத்தன். ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கு பிரஷர் ஏறும். நான் அவர் போன்ல ரெண்டு மூணு குரூப்ப மியூட் பண்ணிட்டு, "ஹாஸ்பிடல் அறிக்கை வந்தா மட்டும் நம்புவோம்ப்பா, அத நானே படிச்சு காட்டறேன்"னு சொல்லி வெச்சேன். உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா இத முதல் நாளே பண்ணிடுங்க. வதந்தி ஒவ்வொண்ணும் ஒரு சாவு மாதிரி, அத திரும்பத் திரும்ப அனுபவிக்கற தெம்பு 70 வயசு உடம்புக்கு கிடையாது. வதந்திய ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு இது புரியணும், நீங்க அனுப்பறது எங்கயோ ஒரு வீட்ல சோபாவுல உக்காந்திருக்கற பெரியவர் நெஞ்சுல போய் விழுது.

ஆகஸ்ட் 7 சாயந்திரம் நாலரைக்கு ஹாஸ்பிடல் அறிக்கை வந்துச்சு, நிலைமை ரொம்ப மோசம்னு. நான் கிண்டியில ஆபீஸ்ல இருந்தேன், அறிக்கைய படிச்ச உடனே பைய எடுத்துக்கிட்டு கிளம்பிட்டேன். இது அப்பா சொல்லிக் கொடுத்தது. எம்ஜிஆர் இறந்த 1987 டிசம்பர் 24 காலையில அப்பா டூட்டியில இருந்தாரு, செய்தி பரவினதும் வெளிய போன வண்டியெல்லாம் டிப்போவுக்குத் திரும்பணும்னு உத்தரவு, திரும்பறதுக்குள்ள அவர் வண்டி பின்கண்ணாடி போயிடுச்சு. மவுண்ட் ரோட்ல கடைகள உடைச்சாங்க, அங்க இருந்த கலைஞர் சிலையயும் அப்ப தான் இடிச்சாங்க. அதுல இருந்து அவர் சொல்ற ஒரே பாடம், அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி இருக்கற அந்த ஒண்ணு ரெண்டு மணி நேரம் தான் உனக்கு இருக்கற டைம், வந்ததுக்கு அப்புறம் ரோடு உன்னோடது இல்ல. 2018ல அந்த மாதிரி பெரிய கலவரம் எதுவும் நடக்கல, ஆனா பஸ் கொறஞ்சு போச்சு, கடைகள் சடசடன்னு ஷட்டர் இறங்குச்சு, ஆட்டோ கிடைக்கல, பெட்ரோல் பங்க்ல ஒரே வரிசை. எலக்ட்ரிக் ட்ரெயின் தான் ஓடிச்சு, கால் வைக்க இடம் இல்லாத கூட்டம். குரோம்பேட்டையில இறங்கி வழியில ரெண்டு பாக்கெட் பால், அப்பாவோட சுகர் மாத்திரை, ஒரு பிரெட் வாங்கிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சப்ப அப்பா டிவி முன்னாடி சட்டைய போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு, வீட்ல எப்பவும் பனியன் தான் போட்டிருப்பாரு. 6.10க்கு உயிர் பிரிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. அப்பா எழுந்து நின்னாரு, கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு மறுபடி உக்காந்தாரு. அழல. "வயசு 94, நிறைவா வாழ்ந்துட்டாரு"ன்னு அம்மா ஆறுதலுக்கு சொன்னாங்க, அதுக்கு அப்பா ஒண்ணும் பேசல. 2016 டிசம்பர்ல தொண்டையில ட்யூப் போட்டதுல இருந்தே கலைஞர் குரல் நின்னு போச்சு, "உயிரினும் மேலான உடன்பிறப்புகளே"ன்னு மேடையில கேக்காம ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. அப்பாவுக்கு துக்கம் அப்பவே ஆரம்பிச்சிடுச்சுன்னு எனக்குத் தோணும்.

அன்னிக்கு ராத்திரி தான் இன்னொரு பிரச்சனை. அண்ணா சமாதி பக்கத்துல மெரினாவுல அடக்கம் பண்ண இடம் கேட்டாங்க, கோர்ட்ல வழக்கு இருக்குன்னு அரசு தரப்புல மறுத்து, சர்தார் பட்டேல் ரோட்ல காந்தி மண்டபம் பக்கத்துல ரெண்டு ஏக்கர் தரோம்னாங்க. ராத்திரியோட ராத்திரியா ஹைகோர்ட் பொறுப்பு தலைமை நீதிபதி வீட்லயே விசாரணை. அப்பா அப்ப தான் வாயத் திறந்தாரு, "அண்ணா பக்கத்துல இல்லன்னா அவருக்கு தூக்கம் வராதும்மா"ன்னாரு. அப்புறம் ரொம்ப சாதாரணமா, "காலையில நான் போறேன்"னாரு.

பெங்களூர்ல இருக்கற எங்கண்ணன் போன்ல ஒரே சத்தம், சுகர் பேஷன்ட், மூட்டு வலி, கூட்டத்துல விழுந்தா யாரு தூக்கறது, நீ பொண்ணு என்ன பண்ணுவன்னு. அவன் பயம் நியாயமானது. ஆனா அப்பா கேட்டது பர்மிஷன் இல்ல, தகவல் சொன்னாரு அவ்வளவு தான், தடுத்தா விடிகாலையில யாருக்கும் சொல்லாம தனியா கிளம்பியிருப்பாரு. அதனால நான் அண்ணன் கிட்ட "நான் கூட போறேண்ணா, கூட்டம் ஏர்றதுக்கு முன்னாடி போய்ட்டு மத்தியானத்துக்குள்ள வீட்ல இருப்போம்"னு சொன்னேன், அப்பா கிட்ட ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். பாத்ததும் கிளம்பிடணும், ஊர்வலத்துக்கு நிக்கக்கூடாது. அவர் அரை மனசோட சரின்னாரு. இந்த பேச்சு வார்த்தைய வீட்லயே முடிச்சிட்டுத் தான் கிளம்பணும், அங்க போய் அந்த உணர்ச்சியில யாரும் யார் பேச்சும் கேக்க மாட்டாங்க.

ராத்திரியே பைய ரெடி பண்ணிட்டேன். ரெண்டு பாட்டில் தண்ணி, குளுக்கோஸ் பாக்கெட், பொடி தடவின இட்லி, மாத்திரைகள், சின்ன டவல். அப்பா சட்டைப் பையில ஒரு பேப்பர்ல அவர் பேரு, என் நம்பர், அண்ணன் நம்பர், ரத்த வகை, என்னென்ன மாத்திரை சாப்பிடறாருன்னு எழுதி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சேன், ஏன்னா லட்சக்கணக்குல ஜனம் ஒரே இடத்துல நின்னா போன்ல டவர் கிடைக்காது, நிஜமாவே காலையில எட்டு மணிக்கு மேல எனக்கு ஒரு கால் கூட போகல. அதனால பிரிஞ்சுட்டா எங்க சந்திக்கறதுன்னு முன்னாடியே பேசி வெச்சோம், சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டர். ராஜாஜி ஹால் கேட்னு வெச்சா வேலைக்கு ஆகாது, எல்லாரும் அங்க தான் நிப்பாங்க, கூட்டத்துக்கு வெளிய கொஞ்சம் தள்ளி இருக்கற இடமா பாக்கணும். அப்பாவுக்கு பின்னாடி ஸ்ட்ராப் வெச்ச செருப்பு, எனக்கு ஷூ. சாதா செருப்பு கூட்டத்துல கழண்டுடும், அத எடுக்கக் குனிஞ்சா அவ்வளவு தான். நான் சங்கிலிய கழட்டி வீட்ல வெச்சிட்டேன், துப்பட்டாவ ரெண்டு பக்கமும் பின் குத்தி இறுக்கிட்டேன். அப்பா கரை வேட்டியும் கழுத்துல கட்சித் துண்டும் போட்டாரு, துண்டு மட்டும் தொங்க வேண்டாம்ப்பா, யாராவது புடிச்சு இழுத்தா கழுத்து இறுகும்னு சொல்லி மடிச்சு தோள்ல போட வெச்சேன். பெண்கள் போறதா இருந்தா ஒண்ணு சொல்றேன், டாய்லெட் கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க, வீட்ல போய்ட்டு கிளம்புங்க, அதுக்காக தண்ணி குடிக்காம மட்டும் இருந்துடாதீங்க, ஆகஸ்ட் வெயில்ல மயக்கம் போட்டு விழ வேண்டியது தான்.

முதல் ட்ரெயின்ல பார்க் ஸ்டேஷன் போய், எதிர்ல பார்க் டவுன்ல பறக்கும் ரயில் மாறி சேப்பாக்கத்துல இறங்கினோம். ரிட்டர்ன் டிக்கெட் சேத்தே எடுத்தாச்சு. அப்ப கவர்ன்மென்ட் எஸ்டேட் மெட்ரோ ஸ்டேஷன் திறக்கல, அது அடுத்த வருஷம் தான் வந்துச்சு, இப்ப போறவங்களுக்கு அது இன்னும் வசதி. கோபாலபுரம் வீடு, சிஐடி காலனி வீடு ரெண்டுலயும் வெச்சுட்டு விடிகாலை அஞ்சரை வாக்குல தான் உடல ராஜாஜி ஹாலுக்குக் கொண்டு வந்தாங்க, நாங்க வாலாஜா ரோட்ல நடந்து போய் வரிசையில நின்னப்ப இன்னும் முழுசா வெளிச்சம் வரல. எங்களுக்கு முன்னாடி ஏற்கனவே ஜனம், ராத்திரி பூரா வேன்லயும் லாரியிலயும் வந்தவங்க, தஞ்சாவூர் திருவாரூர் பக்கத்துலருந்து வந்தவங்க ரோட்டோரமா துண்ட விரிச்சு உக்காந்திருந்தாங்க. மூணு சக்கர சைக்கிள்ல ஒருத்தர் இருந்தாரு, முன்னாடி தட்டுல கலைஞர் படம், அதுக்கு ஒரு முழம் மல்லி. அவருக்கு பின்னாடி இருந்த பசங்க தாங்களா சைக்கிள தள்ளிக்கிட்டு வந்தாங்க, யாரும் கேக்கல. அந்தக் காலை நேரத்துல கூட்டம் அப்படித்தான் இருந்துச்சு, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கற கூட்டம், பெரியவர்னு அப்பாவுக்கு வழி விட்டாங்க, ஒரு அம்மா தன்னோட பிஸ்கட்ட பிச்சு பாதி கொடுத்தாங்க.

ராஜாஜி ஹால் தெரியாதவங்களுக்காக சொல்றேன், அது வெள்ளக்காரன் காலத்து கட்டடம், 1802 வாக்குல கட்டினது, விருந்து மண்டபமா இருந்தது, 1948ல தான் ராஜாஜி பேர் வெச்சாங்க. முன்னாடி அகலமான உயரமான படிக்கட்டு, உடல அந்தப் படிக்கட்டு மேல வெச்சா கீழ எவ்வளவு தூரத்துல இருந்தாலும் தெரியும், அண்ணா, காமராஜர், எம்ஜிஆர், ஜெயலலிதா எல்லாரையும் இங்க தான் வெச்சாங்க. பக்கத்துலயே கலைஞர் கட்டின புது தலைமைச் செயலகம், இப்ப அது மல்டி ஸ்பெஷாலிட்டி ஹாஸ்பிடல். அப்பா அந்தக் கட்டடத்தையே பாத்துக்கிட்டு வந்தாரு, ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

கிட்ட போனப்ப கண்ணாடிப் பேழை, தேசியக் கொடி, மஞ்சள் துண்டு, கறுப்புக் கண்ணாடி. வழியெல்லாம் அப்பா வாய்க்குள்ளயே ஏதோ சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தாரு, கோஷமா இல்ல வேற ஏதாவதான்னு தெரியல. அங்க போனா மூணு நாலு செகண்ட் தான், நிக்க விட மாட்டாங்க. அவர் வாயே திறக்கல, வலது கைய மட்டும் தூக்கினாரு, பஸ் படியில நின்னு டிரைவருக்கு ரைட் கொடுக்கறப்ப தூக்குவாரே அந்த அளவுக்கு. ஒரு பெண் போலீஸ் அவர் முழங்கைய மெதுவா புடிச்சு "நடங்கய்யா, பாத்து நடங்கய்யா"ன்னு நகத்தி விட்டாங்க. ராத்திரி பூரா தூங்காம டூட்டி பாத்துட்டு அவ்வளவு பொறுமையா பேசினாங்க அந்தப் பொண்ணு, எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

வெளிய வந்து சேப்பாக்கம் ஸ்டேடியம் பக்கமா ஒரு சுவரோரம் அப்பாவ உக்கார வெச்சு இட்லியும் மாத்திரையும் கொடுத்தேன். சாப்பிடாம மாத்திரை போடறதும், மாத்திரையே போடாம நிக்கறதும் ரெண்டும் ஆபத்து, துக்கத்துல பசிக்காதுன்னு சொல்வாங்க, பசிக்காட்டியும் ரெண்டு இட்லி உள்ள போயே ஆகணும். உடனே கிளம்ப முடியல, அவருக்கு கால் நடுங்கிச்சு, அதனால அங்கயே கொஞ்சம் அதிகமாவே உக்காந்திருந்தோம், கோர்ட்டு தீர்ப்பு என்னன்னு தெரியாம எழுந்திரிக்க அவருக்கும் மனசு வரல. பத்தே முக்கால் இருக்கும், ஹால் பக்கத்துலருந்து ஒரு பெரிய சத்தம், எனக்கு முதல்ல பயமாயிடுச்சு, என்னவோ ஆயிடுச்சுன்னு. அப்புறம் ரோட்ல ஓடி வந்த ஒரு பையன் "மெரினா கிடைச்சிடுச்சு, மெரினா கிடைச்சிடுச்சு"ன்னு கத்தினான். முன்ன பின்ன தெரியாதவங்க கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க, ஹாலுக்குள்ள ஸ்டாலின் கும்பிட்டு உடைஞ்சு அழுதத நாங்க அப்புறம் டிவியில தான் பாத்தோம். எங்கப்பா அழுதது அப்ப தான். முதல் நாள் செய்தி வந்தப்ப அழல, உடல பாத்தப்ப அழல, அந்தப் பையன் கத்தினப்ப டவல மூஞ்சில வெச்சுக்கிட்டு தோள் குலுங்க அழுதாரு. நான் எதுவும் சொல்லாம பக்கத்துல உக்காந்திருந்தேன். அழறவங்கள உடனே "அழாதீங்க"ன்னு சொல்றது நமக்குப் பழக்கம், அத தயவு செஞ்சு சொல்லாதீங்க, பக்கத்துல இருந்தா போதும்.

அழுது முடிச்சு கண்ண துடைச்சிக்கிட்டு அவர் கேட்டது, "ஊர்வலம் நாலு மணிக்காமே, இருந்துட்டு போயிடலாமா பாப்பா". மனசு கஷ்டமா தான் இருந்துச்சு, ஆனா கூட்டத்தோட முகம் அதுக்குள்ள மாறிட்டத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பிரதமர் வந்திருந்தாரு, பெரிய தலைவர்கள் வர்றப்பல்லாம் வரிசைய நிறுத்திடுவாங்க, முன்னாடி நகராது, ஆனா பின்னாடி ட்ரெயின்லயும் பஸ்லயும் வந்து இறங்கற ஜனம் நிக்காது, அவங்களுக்கு முன்னாடி நின்னு போச்சுன்றதே தெரியாது, அவங்க பாட்டுக்கு முன்னாடி வந்துக்கிட்டே இருப்பாங்க. நடுவுல மாட்டறவன் நெஞ்சு மேல அந்த எடை எல்லாம் இறங்கும். நெரிசல்ல சாகறவங்க மிதிபட்டு தான் சாகறாங்கன்னு நாம நினைக்கறோம், நின்ன நிலையிலயே மூச்சு இழுக்க முடியாம போறவங்க தான் நிறைய. அன்னிக்கு மத்தியானம் தடுப்ப எல்லாம் தள்ளிக்கிட்டு ஜனம் உள்ள பூந்து, சுவர் ஏறி குதிச்சு, போலீஸ் தடிய எடுத்து, நெரிசல்ல ரெண்டு பேரு இறந்தாங்க, முப்பது பேருக்கு மேல அடி. ஸ்டாலினே மைக் புடிச்சு அமைதியா கலைஞ்சு போங்கன்னு கெஞ்ச வேண்டியதா போச்சு. தலைவர பாக்க வந்த ரெண்டு குடும்பம் தங்களோட ஆள தூக்கிட்டு போச்சு, அத நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

அதனால இத மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. உங்க தோள் ரெண்டு பக்கமும் அடுத்தவங்க தோள் மேல இடிக்குதுன்னா, நீங்க நினைச்ச பக்கம் திரும்ப முடியலன்னா, அப்பவே வெளிய வந்துடணும், இன்னும் பத்தடி தான் இருக்கு பாத்துட்டுப் போயிடலாம்னு நினைக்கக்கூடாது. மாட்டிக்கிட்டா ரெண்டு கையயும் குத்துச்சண்டைக்காரன் மாதிரி நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வெச்சு மூச்சுக்கு இடம் பண்ணிக்கணும், தள்ளு வர்றப்ப எதுத்து நிக்காம அது கூடவே போய், தள்ளு தளர்ற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா சாய்வா ஓரத்துக்கு நகரணும். சுவரு, கட்டைத் தடுப்பு, இரும்பு கேட் இதுங்க பக்கத்துல ஒட்டி நிக்கவே கூடாது, அங்க தான் எடை வந்து மோதும். கீழ விழுந்தது போனா இருந்தாலும் விட்டுடுங்க. சின்னப் பசங்கள தோள் மேல உக்கார வெச்சு வர்றாங்க, தலைவர காட்டணும்னு ஆசை தான், ஆனா வேண்டாம், அந்தக் கூட்டத்துல உங்க கால் தடுமாறினா கொழந்தை எங்க விழும்னு யோசிங்க. மரத்து மேலயும் கட்டவுட் சாரத்து மேலயும் ஏறி பாக்கறதும் வேண்டாம்.

அப்பா நேத்து கொடுத்த வாக்க காப்பாத்தினாரு. ஒரு மணிக்கெல்லாம் வீட்ல இருந்தோம், திரும்பி வர்ற ட்ரெயின் காலி, எதிர்ப்பக்கம் போற ட்ரெயின்ல படியில தொங்கிக்கிட்டு போனாங்க. அண்ணன் அப்ப தான் நிம்மதியா சாப்பிட்டான்னு அண்ணி சொன்னாங்க. நாலு மணிக்கு ராணுவ வண்டியில ஊர்வலம் கிளம்பறதுல இருந்து ஏழு மணி வாக்குல அண்ணா பக்கத்துல இறக்கறது வரைக்கும் டிவியில முழுசா பாத்தோம். ஓய்வே எடுக்காம உழைச்சவர் இங்க ஓய்வெடுக்கறார்னு பேழை மேல எழுதியிருந்தத கேமரா காட்டினப்ப அப்பா அத சத்தமா ரெண்டு தடவ வாசிச்சாரு. அப்பா இல்ல தலைவரேன்னே கூப்பிட்ட ஸ்டாலின், கடைசியா ஒரு தடவ அப்பான்னு கூப்பிடட்டுமான்னு எழுதின கடிதத்த அம்மா தான் பேப்பர்ல படிச்சு காட்டினாங்க, கட்சியே புடிக்காத எங்கம்மா.

துக்கத்துல இல்லாதவங்களுக்கும் அந்த ரெண்டு நாள் கஷ்டம் தான், அத மறைக்கறதுல அர்த்தம் இல்ல. 8ஆம் தேதி அரசு விடுமுறை, ஏழு நாள் துக்கம்னு அறிவிச்சாங்க, சினிமா கிடையாது, கடை கிடையாது. எங்க தெருவுல ஒருத்தருக்கு டயாலிசிஸ் நாள், ஆட்டோ வரல, கடைசியில கட்சிக்காரப் பசங்க தான் கொடி கட்டின வண்டியில கூட்டிட்டுப் போய் விட்டாங்க. ஹாஸ்பிடல் போக வேண்டிய ஆள் வீட்ல இருந்தா, ஏரியாவுல இருக்கற கட்சிக்காரங்க கிட்ட தயங்காம போய் கேளுங்க, துக்க வீட்டுக்காரங்க மாதிரி தான் அவங்க அன்னிக்கு இருப்பாங்க, இல்லன்னு சொல்ல மாட்டாங்க. பிடிக்காத தலைவரா இருந்தாலும் அன்னிக்கு ஒரு நாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல கணக்கு தீக்காதீங்க, பழைய தப்பெல்லாம் பேசலாம், பேசணும், அதுக்கு மாசக்கணக்கா நேரம் இருக்கு.

அப்புறம் வந்த நாட்கள் தான் இன்னும் கவனமா இருக்க வேண்டிய நாட்கள். பெரிய தலைவர்கள் இறந்தா அதிர்ச்சியில இறந்தவங்கன்னு கட்சிகள் பட்டியல் போட்டு நிவாரணம் கொடுக்கறத பாத்திருப்பீங்க, அந்தப் பட்டியல்ல இருக்கறவங்க பெரும்பாலும் எங்கப்பா மாதிரி சாதாரண ஆளுங்க. ராத்திரி தூங்காம டிவியில அதே காட்சிய திரும்பத் திரும்ப பாத்துக்கிட்டு, சாப்பாட்ட தள்ளி வெச்சுக்கிட்டு, "இனிமே என்ன இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் அத லேசா எடுத்துக்காதீங்க, தனியா விடாதீங்க, டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் பண்ணினது, டிவிய அணைச்சிட்டு அவர பேச விட்டேன். பல்லவன் காலத்து ஸ்ட்ரைக், எமர்ஜென்சியில 1976 ஜனவரியில ஆட்சிய கலைச்சப்ப டிப்போவுல என்ன நடந்துச்சு, எந்தக் கூட்டத்துல எவ்வளவு நேரம் மழையில நின்னாரு, எல்லாம் சொன்னாரு. பழைய தொ.மு.ச. தோழர்கள் ரெண்டு பேர வீட்டுக்கு வரச் சொன்னேன், மூணு பேரும் சாயந்திரம் பூரா பேசிக்கிட்டே இருந்தாங்க, அன்னிக்கு ராத்திரி தான் அப்பா நல்லா தூங்கினாரு. என் கிட்ட எவ்வளவு பேசினாலும் அந்த மாதிரி ஆகியிருக்காது, கூட நின்னு கோஷம் போட்டவனுக்குத் தான் அந்த துக்கம் முழுசா புரியும்.

கூட்டம் கொறைஞ்ச அப்புறம் ஒரு வார நாள் காலையில மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். பூ அலங்காரம், மேல அன்னிக்கு வந்த கட்சிப் பேப்பர் முரசொலி. தினமும் முரசொலி வைக்கறாங்கன்னு தெரிஞ்சதும் அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம், குனிஞ்சு தேதி சரியா இருக்கான்னு பாத்தாரு. இப்ப 2024 பிப்ரவரி 26ல நினைவிடம் திறந்ததுக்கு அப்புறம் உள்ள நடக்கறதுக்கு, உக்காரறதுக்கு நல்ல வசதி இருக்கு, வயசானவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா ஞாயித்துக்கிழமை, லீவு நாள் சாயந்திரத்த விட்டுட்டு வார நாள் காலையில போங்க. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 7 காலையில அண்ணா சிலையிலருந்து நினைவிடம் வரைக்கும் அமைதிப் பேரணி போகும். அப்பாவால இப்ப முழு தூரம் நடக்க முடியாது, அதனால நாங்க வாலாஜா ரோட்ல பேரணி கடந்து போற வரைக்கும் ஓரமா நிக்கறோம், கூட்டம் கடலுக்குப் போயிட்டு திரும்பின அப்புறம் பத்து பதினோரு மணிக்கு மேல ஆட்டோவுல போய் இறங்கறோம், வெயிலுக்கு ஒரு குடையும் அவருக்கு மடக்கற ஸ்டூலும் நான் எடுத்துக்கறேன்.